தண்ணி வண்டி

பாலைவனத்தில் பூஞ்சை பிடித்து யாராவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். போன நவம்பர் ஸ்டடி ஹாலிடேஸில், குன்னூரில், எங்க வீட்டு மாடி ரூமில்.

நம்ம காலேஜ் டெக் ஃபெஸ்ட்டில் ஸ்கேல் மாடல் போட்டி என்று நோட்டீஸ் வந்ததும் பேர் கொடுத்துவிட்டேன். ஒரு ராணுவ லாரி, அதுக்குக் கீழே ஒரு துண்டு பாலைவனம். இதுதான் பிளான். மண்ணுக்கு என்ன செய்வது? எங்க ஊரில் எதுக்குப் பஞ்சம் வந்தாலும் டீத்தூளுக்கு வராது. வடிகட்டிய டீத்தூளைக் காயவைத்து, தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் ஒட்டினேன். வெளியே வடகிழக்குப் பருவமழை. மூணு நாள் வெயிலே இல்லை. ஃபெவிகாலும் காயவில்லை, டீத்தூளும் காயவில்லை. நாலாம் நாள் பார்த்தால் ராஜஸ்தான் முழுக்க வெள்ளையாய்ப் பஞ்சு முளைத்திருக்கிறது.

தாத்தா எட்டிப் பார்த்தார். "என்ன கண்ணு, காஷ்மீரா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

நான் செய்ய நினைத்த லாரியின் பேர் சக்திமான். டிவியில் சுத்திக்கொண்டே வருவாரே, அவர் இல்லை. அவருக்கு ரொம்ப வருஷம் முன்னாடியே ராணுவத்தில் ஒரு சக்திமான் இருந்தது. ஜெர்மனியின் எம்.ஏ.என். கம்பெனியிடம் லைசென்ஸ் வாங்கி, 1959-ல் ஜபல்பூர் கன் கேரேஜ் ஃபேக்டரியில் செய்ய ஆரம்பித்த லாரி. அப்புறம் அதே ஊரில் வந்த வெஹிக்கிள் ஃபேக்டரி 1990கள் வரை அதைச் செய்தது. இப்போ வெலிங்டன் ரோட்டில் நீங்க பார்க்கிற பச்சை லாரி அநேகமாக நம்ம அசோக் லேலண்டின் ஸ்டாலியன்.

வீட்டில் ஒரு பழைய கறுப்பு வெள்ளை போட்டோ இருக்கிறது. தாத்தா ஒரு சக்திமான் பானெட்டில் கை வைத்து நிற்கிறார். அவர் ஏ.எஸ்.சி.யில், அதாவது ராணுவத்துக்குச் சாப்பாடு, தண்ணி, டீசல் கொண்டுபோகிற பிரிவில், டிரைவர். 1971 போரின்போது ராஜஸ்தானில் பார்மர் பக்கம் இருந்தார். அப்போ அவருக்கு 22 வயசு. இப்போ எனக்கு 21.

இந்த இடத்தில் ஒரு பழைய கதை சொல்லணும். இதுவரைக்கும் யாரிடமும் முழுசாய்ச் சொன்னதில்லை.

எங்க பக்கம் பாதி வீடுகளுக்கு ராணுவ சம்பந்தம் உண்டு. வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டர், ஸ்டாஃப் காலேஜ், பக்கத்தில் அருவங்காடு கார்டைட் ஃபேக்டரி. ஆறாவது படிக்கும்போது கிளாஸில் ஆளாளுக்கு அப்பா, தாத்தா பெருமை பேசுவார்கள். ஒரு நாள் நானும் பேசினேன். "என் தாத்தா லோங்கேவாலாவில் டேங்க் ஓட்டினார்." நல்ல இங்கிலீஷில், 'பார்டர்' படம் பார்த்த தைரியத்தில்.

லோங்கேவாலா தெரியாதவர்களுக்கு: 1971 டிசம்பர் 4 ராத்திரி, ஜெய்சல்மேர் பக்கத்துப் பாலைவனத்தில், மேஜர் குல்தீப் சிங் சாந்த்புரி தலைமையில் 23 பஞ்சாப் படையின் ஒரு கம்பெனி, சுமார் 120 பேர், டேங்குகளோடு வந்த பெரிய படையை விடிகிற வரைக்கும் தடுத்து நிறுத்தினார்கள். விடிந்ததும் விமானப்படையின் ஹன்டர் விமானங்கள் வந்து டேங்குகளை அடித்தன. அந்த டேங்குகளில் பல மணலில் சிக்கி நின்றன. நம்ம பக்கம் அங்கே டேங்கே இல்லை. அதாவது என் பொய்யில் லாஜிக்கே இல்லை.

டீச்சர் நம்பிவிட்டார். குடியரசு தினத்துக்கு தாத்தாவைப் பேசக் கூப்பிட்டார்கள். வெள்ளைச் சட்டை, மெடல் எல்லாம் போட்டுக்கொண்டு வந்தார். அறிமுகத்தில் "டேங்க் டிரைவர்" என்று படித்தார்கள். அவர் என்னைத் தேடி ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் மைக்கில், தமிழில் சொன்னார்: "பேரன் சொன்னது சரிதானுங்க. டேங்க் வண்டிதான் ஓட்டினேன். தண்ணி டேங்க். நாங்க அதைத் தண்ணி வண்டின்னு சொல்லுவோம்."

தண்ணி வண்டி என்றால் நம்ம ஊரில் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். ஹால் முழுக்கச் சிரிப்பு. வீட்டுக்குப் போகும்போது நான் அவருக்குப் பத்தடி முன்னாடியே நடந்தேன். பன்னிரண்டாவது முடிகிற வரைக்கும் என் பட்டப்பேர் தண்ணி வண்டி.

அதனால்தான் இந்த மாடலிலும் முதலில் நான் போட்ட பிளானில் தண்ணி இல்லை. லாரி முழுக்கத் துப்பாக்கியோடு சிப்பாய்கள், தூரத்தில் எரிகிற ஒரு டேங்க். லோங்கேவாலா.

சக்திமானுக்குக் கடையில் கிட் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. சன்போர்டை வெட்டி ஒட்டி நானே செய்தேன். அளவு 1:35. நிஜத்தில் 35 செ.மீ. இருப்பது இங்கே 1 செ.மீ. உலகம் முழுக்க ராணுவ மாடல்களுக்கு இந்த விசித்திரமான எண் பரவக் காரணம் ஜப்பானின் தமியா கம்பெனி. 1960களின் தொடக்கத்தில் அவர்கள் போட்ட பாந்தர் டேங்க் மாடலுக்குள் பேட்டரியும் மோட்டாரும் உட்கார இந்த அளவு சரியாக வந்தது. அதுவே வழக்கமாகிவிட்டது.

என் லாரி ஒரு சாண் நீளம். சைலன்சர் பைப்புக்கு பேனா ரீஃபில், தார்ப்பாய்க்கு ஃபெவிகாலில் நனைத்த டிஷ்யூ பேப்பர், டயர் ஒரு பொம்மை லாரியில் கழற்றியது. பச்சை ஸ்ப்ரே அடித்தால் குன்னூர் ஈரக்காற்றில் மேலே பாலாடை மாதிரி வெளுத்துப்போனது. அம்மாவின் ஹேர் டிரையரை எடுத்துவந்து ரூமைச் சூடாக்கி மறுபடி அடித்தேன்.

அடுத்தது மணல். மேட்டுப்பாளையம் ஆற்று மணல் கொஞ்சம் கொண்டுவந்து போட்டுப் பார்த்தேன். பார்க்க சகிக்கவில்லை. அப்புறம்தான் புரிந்தது, லாரியைச் சுருக்கலாம், மணலைச் சுருக்க முடியாது. 0.2 மி.மீ. துகளை 35-ஆல் பெருக்குங்கள். 7 மி.மீ. என் குட்டி லாரிக்கு அது மணல் இல்லை, ஜல்லி. கடைசியில் கைகொடுத்தது கோலப்பொடி. பழைய துப்பட்டாவில் சலித்து, காவிப் பொடியும் மஞ்சள் கலரும் கலந்து தூவினேன். தெர்மகோலில் ஒரு மணல் மேடும் செய்தேன்.

இந்தத் தடவை தாத்தா ஸ்டூல் போட்டு உட்கார்ந்தே பார்த்தார்.

"இந்த மேடு நிக்காது கண்ணு. சரிஞ்சிரும்."

புரோட்ராக்டர் வைத்துப் பார்த்தேன். 50 டிகிரி இருந்தது. காய்ந்த மணல் சுமார் 34 டிகிரிக்கு மேல் நிற்காது. படித்ததுதான். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியதுதான். கையால் மேடு கட்டும்போது மட்டும் மறந்துவிட்டது.

"டயர்ல காத்து இறக்கலையே? இப்படியே போனா அரை பர்லாங் போகாது."

லாரியின் எடையை டயர் பிரஷரால் வகுத்தால், டயர் தரையைத் தொடுகிற பரப்பு தோராயமாக வந்துவிடும். பிரஷரைப் பாதியாக்கினால் பரப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. சக்கரம் மணலை வெட்டிக்கொண்டு இறங்காமல் மேலேயே உருளும். இரண்டாம் உலகப்போரில் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் ரால்ஃப் பாக்னால்ட் ஆரம்பித்த லாங் ரேஞ்ச் டெசர்ட் குரூப் இப்படித்தான் லாரி ஓட்டியது. நம்ம சிப்பாய்களைக் கொண்ட இந்தியன் லாங் ரேஞ்ச் ஸ்குவாட்ரனும் அவர்களோடு வேலை செய்தது. பாக்னால்ட் ஒரு இன்ஜினியர். காற்றில் மணல் எப்படி நகர்கிறது என்று 1941-ல் அவர் எழுதிய புத்தகத்தை இன்னும் படிக்கிறார்கள். தாத்தா அதைப் படித்ததில்லை. நாலு வருஷம் மெக்கானிக்கல் படித்த நான் இதுவரை ஒரு நிஜ லாரி டயரில் காத்து இறக்கியதில்லை.

டயர்களின் அடியைத் தட்டையாகத் தேய்த்து, பக்கவாட்டில் எம்-சீல் வைத்துப் பிதுங்க வைத்தேன். தாத்தா தலையாட்டினார். அப்போதான் கேட்டேன்.

"தாத்தா, உங்க வண்டி பின்னாடி என்ன இருந்துச்சு?"

"தண்ணி. வேறென்ன?"

அன்று ராத்திரியே சிப்பாய்கள் எல்லாரையும் பிடுங்கிவிட்டேன். எரிகிற டேங்க்கையும் தூக்கிவிட்டேன். ஒரு பிவிசி பைப் துண்டில் தண்ணி டேங்க், பின்னாடி ஊசி முனையில் ஒரு குழாய். குழாய்க்கு நேர் கீழே மணலை ஈரமாகக் காட்ட டார்க் பிரவுன் அடித்தேன். மாடல் செய்வதில் ஒரு விதி உண்டு, ஒவ்வொரு கறைக்கும் ஒரு காரணம் இருக்கணும். இந்தக் கறை எனக்கு ரொம்பப் பெருமை.

காலையில் தாத்தா பார்த்தார். ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் அந்த ஈரத்தின் மேல் விரலை வைத்தார்.

"இது இருக்காது. ஒரு சொட்டு கீழ விடமாட்டோம். குழாயத் திறக்கறதுக்கு முன்னாடியே கீழ மெஸ் டின்னப் புடிச்சிருவாங்க. அங்க மண்ணு காஞ்சுதான் கிடக்கும்."

நான் பிரஷ்ஷைக் கீழே வைத்தேன். அவரே பேச ஆரம்பித்தார். ஒரு ராத்திரி, லைட் போடக் கூடாது. பின் சக்கரம் அச்சு வரைக்கும் மணலில் இறங்கிவிட்டது. அவரும் கோ-டிரைவரும் மண்வெட்டியால் தோண்டி, இரும்புத் தகடு போட்டு ஏற்றுவார்கள். பத்தடி போகும், மறுபடி இறங்கும். போய்ச் சேரும்போது விடிந்துவிட்டது.

"என்ன சொன்னாங்க தாத்தா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல. நேரா குழாய்க்கு ஓடினாங்க. வண்டிய யாரு ஓட்டிட்டு வந்தான்னு ஒருத்தனும் பாக்கல."

"வருத்தமா இல்லையா?"

"தாகத்துல இருக்கறவன் தண்ணியத்தான் பாப்பான். டிரைவர எதுக்குப் பாக்கணும்?"

கேட்டுவிட்டேன். "தாத்தா, அன்னிக்கு ஸ்கூல்ல நான் பொய் சொன்னேன்."

"நீ டேங்க்னு சொன்ன. நானும் டேங்க்னுதானே சொன்னேன்" என்று சிரித்தார்.

பத்து வருஷமாக அன்று அவர் என்னை மாட்டிவிட்டார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். 'பையன் பொய் சொல்றான்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் முடிந்தேன். அவர் பொய்யும் சொல்லவில்லை, என்னையும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த ஹால் சிரித்ததை அவர் வாங்கிக்கொண்டார். நான்தான் பத்தடி முன்னாடி நடந்தேன்.

ஈரத்தின் மேல் மறுபடி கோலப்பொடி தூவினேன். பிடுங்கிய சிப்பாய்களில் ஒருத்தனின் கையிலிருந்த துப்பாக்கியை வெட்டிவிட்டு, ஒரு குட்டி மெஸ் டின் கொடுத்து குழாய்க்குக் கீழே உட்கார வைத்தேன். டிரைவர் சீட்டில் ஒருத்தரை வைத்தேன். கேபினுக்குள் இருப்பதால் குனிந்து பார்த்தால்தான் தெரிவார்.

பிப்ரவரியில் ஃபெஸ்ட். முதல் பரிசு 3டி பிரிண்டரில் செய்த அர்ஜுன் டேங்க்குக்கு. பிரமாதமாகத்தான் இருந்தது. என் டேபிளுக்கு வந்த ஜட்ஜ் சுற்றிப் பார்த்துவிட்டு, "கன் எங்கே தம்பி?" என்றார்.

"கன் இல்ல சார். இது தண்ணி வண்டி. எங்க தாத்தா ஓட்டினது."

பின்னாடி நின்ன நம்ம செட் பசங்க சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஜட்ஜ் மட்டும் குனிந்து கேபினுக்குள் பார்த்தார்.

மாடல் இப்போ குன்னூரில், டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. தாத்தா அதுக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து மூடி, ஷூ டப்பாவில் வருமே, அந்த சிலிக்கா ஜெல் பாக்கெட்டுகளைச் சேர்த்துச் சேர்த்து உள்ளே போடுகிறார். போன வாரம் போனில் சொன்னார்: "இங்க ஒரே மிஸ்ட்டு கண்ணு. பாலைவனம் காஞ்சுதான் இருக்கு, நீ கவலைப்படாத."