சந்தை

சந்தை என்றால் எனக்குக் கத்தரிக்காயும் தேங்காயும்தான். வேதபாடசாலைப் பிள்ளைகளுக்கு அது வேறு. குரு ஒரு தடவை சொல்ல, எதிரே உட்கார்ந்தவர்கள் இரண்டு தடவை திருப்பிச் சொல்வதற்குச் 'சந்தை' என்று பெயர். ஏடு கிடையாது, காதும் வாயும்தான். வேதத்துக்குத் தமிழ் வைத்த பெயரே எழுதாக்கிளவி.

இந்தச் சொல்லை நான் தெரிந்துகொண்டது 2020-ல். அந்த மார்ச்சில் கொரோனாவுக்குப் பயந்து பாடசாலைகள் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பின. காரைக்குடியில் எங்கள் தெருக் கோடிவீட்டுக் குருக்களின் பேரனும் வந்து சேர்ந்தான். பதினொரு வயது. விடிகாலையில் திண்ணையில் ஒரு செம்பை வைத்து, அதில் செல்போனைச் சாய்த்து நிறுத்தி உட்காருவான். அந்தப் பக்கம் பாடசாலை வாத்தியார்.

"கேக்கறதாடா?"

"விட்டு விட்டு வரது மாமா."

ஆறு ஊரில் ஆறு பையன்கள். ஒவ்வொரு குரலும் அரை நொடி முந்தியோ பிந்தியோ போய்ச் சேரும். தாழ்த்த வேண்டிய அநுதாத்தமும் உயர்த்த வேண்டிய ஸ்வரிதமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து வெறும் இரைச்சலாகும். சேர்ந்து சொல்வதற்கென்றே ஏற்பட்ட பாடம் அது.

ஆனால் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பியது சரிதான். அதே மார்ச் 10-ம் தேதி அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்காஜிட் பகுதியில் ஒரு சேர்ந்திசைக் குழு இரண்டரை மணி நேரம் பாடிப் பழகியது. வந்தவர்கள் 61 பேர், நோய் கண்டவர்கள் 53, இறந்தவர்கள் இருவர். வாய்விட்டுப் பாடியதே தொற்றைப் பரப்பியிருக்கும் என்றார்கள். ஒரே கூடத்தில் உரக்க ஓதி, அங்கேயே வரிசையாகப் பாய் போட்டுப் படுக்கிற பிள்ளைகளை நினைத்து எனக்கு வயிறு கலங்கியது.

   

போனில் சந்தை தொடங்கிய இரண்டு வாரத்தில் வாத்தியார் முறையை மாற்றினார். பாடத்தைத் தன் குரலில் பதிவு செய்து அனுப்புவார். ஒவ்வொருவனும் தனித்தனியே அழைத்து ஒப்பிக்க வேண்டும். பையன் வெலவெலத்துப் போனான். பாடத்தில் ஓர் இடத்து ஸ்வரத்தை ஓராண்டாக மற்றவர் குரலோடு முணுமுணுத்தே ஒப்பேற்றியிருக்கிறான். தனியே சொன்னதும் பிடிபட்டது. "இன்னொருதரம்" என்றார் வாத்தியார். மறுபடி. மறுபடி. பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னான். பாட்டி நீர்மோரோடு வந்து நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். கடைசியில் அந்த ஸ்வரம் நேராக ஏறி நின்றது. போனில் சிறிது நேரம் சத்தமில்லை.

"இப்போ சரி."

எதிர்த் திண்ணையில் இருந்த எனக்குத் தொண்டை அடைத்தது. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாட்டைக் கூட்டமாகச் சொல்லவைத்தவன் நான். உதட்டை மட்டும் அசைத்த பிள்ளைகள் எத்தனை பேரோ! ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்டிருக்க வேண்டும்.

பையன் பிறகு பாடசாலைக்குத் திரும்பிவிட்டான். சந்தை பழையபடி கூட்டமாகத்தான் நடக்கிறது. வாரத்தில் ஒருநாள் மட்டும் வாத்தியார் ஒவ்வொருவனையும் தனியே உட்காரவைத்துச் சொல்லச் சொல்கிறார்.