இரண்டு கறுப்புப் புள்ளி

2022 தை மாதம். எனக்கு உயர்தரப் பரீட்சைக்கு ஒரு மாதம்தான் இருந்தது. கொரோனாவால் தள்ளித் தள்ளிப் போன பரீட்சை, கடைசியாக மாசி 7 என்று அறிவித்திருந்தார்கள். பகலில் வீட்டில் படிக்க ஏலாது. அதனால் இரவில், எல்லாரும் படுத்த பிறகு, விறாந்தையில் மேசையைப் போட்டு, குமிழ் விளக்குக்குக் கீழே இருந்து படிப்பேன். விறாந்தைக்கு முன்னால் முற்றம், முற்றத்துக்கு அங்கால வேலி, வேலிக்கு அங்கால வயல்.

எங்கட ஊர் நறுவிலிக்குளம். மன்னார் என்றதும் வெளியூர்ச் சிநேகிதர்கள் கடலும் கருவாடும் கழுதையும் என்று நினைப்பார்கள். அது தீவுப் பக்கம். நாங்கள் பாலத்துக்கு இந்தப் பக்கம், நானாட்டான் பிரிவில், கட்டுக்கரைக்குளத்துத் தண்ணியை நம்பி வாழ்கிற கமக்காரச் சனம். அருவி ஆற்றைத் தேக்கத்தில் மறித்து, அந்தத் தண்ணி கட்டுக்கரைக்கு வந்து, அங்கிருந்து வாய்க்கால் வாய்க்காலாக இறங்கி வயல்களுக்குப் போகும். நறுவிலி ஒரு மரம். அதின்ர பழத்துக்குள்ள இருக்கிற பசையை வைத்துத்தான் சின்ன வயதில் பட்டம் ஒட்டினோம். கையில் பட்டால் இலேசில் போகாது. இந்தக் கதையும் எனக்கு அப்படித்தான்.

அந்தத் தை மாதம் விளக்குக்குப் பூச்சி வந்தது. பூச்சி வருவது புதினமில்லை, வயலோரத்து வீடு. ஆனால் அந்த முறை வந்ததில் ஒரு சாதி கனக்க வந்தது. சின்னன், விரல் நகத்தளவுதான் இருக்கும். வைக்கோல் மஞ்சள் நிறம். செட்டையை மடித்துக் கூரை மாதிரி வைத்துக்கொண்டு சுவரில் இருக்கும். ஒவ்வொரு செட்டையிலும் ஒரேயொரு கறுப்புப் புள்ளி, ஆரோ பேனையால் குத்திவிட்ட மாதிரி. அளவையியல் கொப்பியில் வந்து விழும், தட்டிவிடுவேன். காலமையில் அம்மா விளக்குமாறால் கூட்டி அள்ளுவா.

ஒருநாள் விடியப்புறம் அப்பா வயலுக்குப் போக எழும்பினவர், என்னைப் பார்த்துக் கேட்டார்.

"பிள்ளை, விளக்குக்கு மஞ்சள் பூச்சி வருதே?"

எனக்கு நித்திரை இல்லாத எரிச்சல். நிமிர்ந்தும் பார்க்காமல், "தெரியேல்லை அப்பா, எல்லாப் பூச்சியும்தான் வருது" என்றேன். அவர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அம்மா கூட்டின குப்பை முற்றத்து மூலையில் கிடந்தது. அவரும் அதைப் பார்க்கவில்லை.

தை முடியிற நேரம் வயலில் கதிர் தள்ளியது. பச்சைக்கு நடுவில் அங்கை ஒன்று இங்கை ஒன்றாக வெள்ளைக் கதிர். பிறகு கூட்டம் கூட்டமாக. தூரத்தில் இருந்து பார்த்தால் கொக்கு இறங்கியிருக்கிற மாதிரி. நெல் விளைந்த கதிர் பாரத்தில் வளையும். இது நேரே நிமிர்ந்து நிற்கும், ஏனென்றால் உள்ளே ஒன்றுமில்லை. அப்பா ஒரு கதிரைப் பிடித்து இழுத்தார். உறையில் இருந்து வாள் வருகிற மாதிரி இலேசாக் கழன்று வந்தது. அடியில் அரித்த அடையாளம்.

இரண்டு ஏக்கர். வழமையாக நாற்பது மூடைக்குக் குறையாது. அந்த முறை பதின்மூன்று. வெட்டு மெசின்காரருக்குக் கொடுக்கவே காணாது. அம்மாவின்ர சங்கிலி விதைப்புக்கு முன்னம் அடகுக்குப் போனது, அது திரும்பி வரவில்லை. நான் அதே நாட்களில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தேன். வீட்டில் என்னிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. மெசின் வந்துபோன பிறகுதான் எனக்குக் கணக்குத் தெரியும்.

*

பல்கலைக்கழகத்துக்கு வந்து இரண்டாம் வருசம், புவியியலில் ஒரு ஒப்படை. சொந்தப் பிரதேசத்தின் நெற்செய்கை பற்றி எழுத வேண்டும். கிளிநொச்சி அறிவியல் நகரில் விவசாய பீடத்தில் படிக்கிற என்ர சிநேகிதியிடம் நெல்லுக்கு வருகிற பீடைகள் பற்றி ஏதாவது அனுப்பச் சொன்னேன். அவள் அனுப்பின படங்களில் மூன்றாவது படம் அது. மஞ்சள் செட்டை. ஒரு கறுப்புப் புள்ளி. கீழே எழுதியிருந்தது: மஞ்சள் தண்டு துளைப்பான், பெண் அந்து.

நூலகத்தில் இருந்தபடியே வயிற்றுக்குள் என்னவோ செய்தது. அந்தப் புழுவை எனக்குத் தெரியும், வயலில் பிறந்த பிள்ளைக்கு அது தெரியாமல் இராது. ஆனால் என்ர கொப்பியில் விழுந்த அந்தும் அப்பாவின் வயலை அரித்த புழுவும் தாயும் பிள்ளையும் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் கேட்டிருக்கிறார்.

பிறகு ஒப்படையை விட்டுவிட்டு, கிடைத்ததெல்லாம் வாசித்தேன். கலைப்பீடத்துக்காரிக்கு விளங்கினதைச் சொல்கிறேன்.

இந்த அந்து ஸ்கிர்போபாகா என்ற பேரினத்தைச் சேர்ந்தது. 1832 இல் ட்ரைட்ஸ்கே என்பவர் வைத்த பெயர். லத்தீனில் 'ஸ்கிர்பஸ்' என்றால் கோரை மாதிரியான புல், 'பாகா' என்பது கிரேக்கத்தில் இருந்து வந்தது, தின்னி. ஆக, கோரைதின்னி. பேரினத்தில் முப்பதுக்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. அநேகமானவை வெப்ப நாடுகளில், புல்லின் தண்டுக்குள்ளும் கோரையின் தண்டுக்குள்ளும் சீவிக்கிறவை. நெல்லும் கரும்பும் புல்தானே. ஒன்று இந்தியாவில் கரும்பின் குருத்தைத் துளைக்கிறது. வெள்ளையாக, புள்ளியே இல்லாத இன்னொன்று இந்தோனேசியாவிலும் பிலிப்பைன்சிலும் நெல்லைத் துளைக்கிறது. எங்கட மஞ்சள்காரி பாகிஸ்தான் தொடக்கம் ஜப்பான் வரைக்கும் நெல் விளைகிற நாடெல்லாம் இருக்கிறாள். ஜப்பான்காரர் வைத்த பெயருக்கு, வருசத்துக்கு மூன்று தலைமுறை எடுக்கிற துளைப்பான் என்று கருத்து. அங்கே ஒரு காலத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை நாற்றுமேடைகளுக்கு அனுப்பி முட்டை பொறுக்க வைத்திருக்கிறார்கள்.

இதின்ர முழுப் பெயர் ஸ்கிர்போபாகா இன்செர்டூலஸ். லண்டனில், பிரித்தானிய அருங்காட்சியகத்தின் சேகரிப்பை அட்டவணைப்படுத்திய பிரான்சிஸ் வாக்கர் 1863 இல் வைத்தது. அந்த மனிசன் அதே வருசம் இதே அந்துக்கு வேறு பெயரும் வைத்திருக்கிறார், வேறு இனம் என்று நினைத்து. ஆணும் பெண்ணும் வேறு வேறு மாதிரி இருப்பதால் ஆரையும் ஏமாற்றக்கூடிய பூச்சிதான். ஆண் சின்னன், மங்கல் பழுப்பு, புள்ளி தெளிவாகத் தெரியாது. வாக்கர் வைத்த மற்றப் பெயர்களில் ஒன்று பைபங்டிஃபெரா. இரண்டு புள்ளி சுமக்கிறது என்று கருத்து. கனகாலம் பழைய விவசாயப் புத்தகங்களில் அந்தப் பெயர்தான் ஓடியது. பிறகு எல்லாம் ஒரே இனம்தான் என்று கண்டுபிடித்து, இன்செர்டூலஸ் என்பதை நிலைநிறுத்தினார்கள். இன்செர்டஸ் என்றால் லத்தீனில் நிச்சயமில்லாதது. சுவரில் இருந்தபடி இரண்டு புள்ளியையும் காட்டிக்கொண்டிருந்த பூச்சிக்கு நிச்சயமில்லாதது என்று பெயர். "தெரியேல்லை அப்பா" என்று சொன்னவள் நான்.

இன்னுமொன்று வாசித்து அதிலேயே நின்றுவிட்டேன். அந்தாக இருக்கும்போது இது ஒன்றும் தின்னாது. குடிக்கிற குழல் இந்தக் கூட்டத்துக்கு ஒழுங்காக வளர்வதே இல்லை. சில நாள்தான் சீவியம். அதற்குள் சோடி சேர்ந்து, நெல்லின் இலையில் முட்டையிட்டு, தன்ர உடம்பின் பின்பக்கத்து மயிரைப் பிடுங்கி முட்டைக்கு மேலே போர்த்திவிட்டுச் செத்துப்போகும். ஒரு குவியலில் 50 முதல் 80 முட்டை வரை. ஒரு கிழமையளவில் பொரிக்கும். பொரித்த புழு நூல் விட்டுக் காற்றில் தொங்கி அடுத்த பயிருக்குப் போகும். தண்ணியில் விழுந்தால், இலைத் துண்டை வெட்டித் தெப்பம் மாதிரிச் சுற்றிக்கொண்டு மிதந்தும் போகும். பிறகு தண்டைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். அநேகமாக ஒரு தண்டுக்கு ஒரு புழு. பயிர் இளசென்றால் நடுக்குருத்துக் காயும். அதற்குப் பதிலாகப் பயிர் பக்கத்தில் இன்னொரு மட்டம் வெடித்துச் சமாளிக்கும். ஆனால் குடலைப் பருவத்தில் இறங்கினால் கதிர் வெள்ளை. அதுக்குப் பிறகு சமாளிக்கப் பயிருக்கு நேரமில்லை.

உள்ளே இறங்கின புழுவுக்கு வெளியில் அடிக்கிற மருந்து இலேசில் எட்டாது. முட்டை பொரிப்பதற்கும் புழு தண்டுக்குள் புகுவதற்கும் நடுவில் இருக்கிற கொஞ்ச நேரம்தான் கமக்காரனுக்கு உள்ள நேரம். அந்த நேரம் எப்போது என்று சொல்லக்கூடியது விளக்கடிக்கு வருகிற அந்து. அப்பா கேட்டது அதைத்தான்.

*

குற்றத்தை முழுக்க என்ர தலையில் போட்டுக்கொள்வதும் ஒரு வகைப் பெருமைதான் என்று பிறகு விளங்கியது. அந்தப் போகத்தின் மிச்சக் கதையையும் சொல்ல வேணும்.

2021 வைகாசியில் அரசாங்கம் ஒரே இரவில் இரசாயன உரமும் பூச்சிமருந்தும் இறக்குமதி செய்யக் கூடாது என்று வர்த்தமானி விட்டது. நாடு முழுக்க இயற்கை விவசாயம் என்றார்கள். கார்த்திகையில் தடையைத் தளர்த்தும்போது எங்கட பக்கம் விதைத்து முடிந்துகொண்டிருந்தது. கடைகளில் யூரியா இல்லை, இருந்தால் வாங்க ஏலாத விலை. உரம் வரும் வரும் என்று பார்த்திருந்து, ஆள் ஆளுக்கு வேறு வேறு நேரத்தில் விதைத்தார்கள். ஒரு வெளியில் எல்லாரும் ஒரே நேரம் விதைத்தால் அந்துக்குத் தோதான பருவம் கொஞ்ச நாள்தான் இருக்கும். பிந்திப் பிந்தி விதைத்தால் ஒருத்தரின் வயலில் பிறந்தது மற்றவரின் வயலுக்குப் போகும். எங்கட வயல் பிந்தினது.

உரத்தைக் கூடப் போட்டாலும் இந்த அந்து கூடும் என்றுதான் வாசித்தேன். கரும்பச்சைப் பயிர் அதற்கு விருப்பம். மருந்தைக் கூட அடித்தாலும் முட்டைக்குள் தன் முட்டையை இட்டு அழிக்கிற சின்னக் குளவிகளும், அந்தைப் பிடிக்கிற சிலந்திகளும் முதல் சாகும். ஆகவே, பழைய மாதிரி அள்ளிக் கொட்டினது எல்லாம் சரி என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் உரத்தைக் குறைக்கிறதென்றால் வரம்பில் நின்று, போகம் போகமாகக் குறைக்க வேணும். கொழும்பில் இருந்து ஒரு கையெழுத்தில் குறைத்தால், பசியில் மெலிந்த பயிருக்கு அழிந்த மட்டத்துக்குப் பதில் இன்னொன்று வெடிக்கச் சக்தி இருக்காது. அதை நான் எந்த ஆய்விலும் பார்க்கவில்லை. எங்கட வேலிக்கு அங்கால பார்த்தேன்.

போன வருசம் லீவுக்குப் போனபோது அப்பாவிடம் சொன்னேன். வரம்பில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம்.

"அப்பா, அந்த முறை விளக்குக்கு மஞ்சள் பூச்சி வந்தது. நான் கண்டனான். நீங்கள் கேட்கேக்க தெரியாதெண்டு சொல்லிப்போட்டன்."

அவர் உடனே ஒன்றும் சொல்லவில்லை. கோப்பையில் மிச்சத்தை வயலுக்குள் ஊற்றினார்.

"சொல்லியிருந்தாலும் என்னத்தை வாங்கி அடிக்கிறது பிள்ளை? கடையில மருந்து கிடந்ததே? விளக்குப்பொறி வைக்கலாமெண்டு பாத்தன். மண்ணெண்ணெய்க்கும் லைன்." பிறகு கொஞ்சம் பொறுத்து, "ஆனா தெரிஞ்சிருந்தா நல்லம்தான்" என்றார்.

அந்தக் கடைசி வசனத்துக்காக நான் அப்பாவுக்கு நன்றி சொல்ல வேணும். ஆறுதலுக்காகப் பொய் சொல்லத் தெரியாத மனிசன். ஒன்றும் மாறியிருக்காது என்று சொல்லி என்னை விட்டிருக்கலாம். தெரிந்திருந்தால் நல்லது என்றார். செய்ய ஒன்றும் இல்லாவிட்டாலும், தன்ர வயலில் என்ன நடக்குது என்று தெரிந்துகொள்ளக் கமக்காரனுக்கு உரிமை இருக்கு. அதைத்தான் நான் அவருக்குக் கொடுக்காமல் விட்டேன்.

வெட்டு முடிந்த கையோடு ஒட்டை உழுது, தண்ணி கட்டிவிட வேணும் என்றும் அப்பா சொன்னார். அடிக்கட்டைக்குள் புழு அடுத்த போகம் வரைக்கும் படுத்திருக்கும். நான் வாசித்ததிலும் அதே விசயம் இருந்தது. அவருக்கு அதை அவரின்ர அப்பா சொல்லியிருக்கிறார்.

இந்தக் காலபோகத்துக்கு வீட்டில் ஒரு புது வேலை தொடங்கியிருக்கு. பயிர் குடலை கட்டத் தொடங்கின நாளில் இருந்து, அம்மா படுக்க முன்னம் விறாந்தைச் சுவரைத் தொலைபேசியில் படம் எடுத்து எனக்கு அனுப்புவா. படம் எப்போதும் கொஞ்சம் ஆடித்தான் இருக்கும். நான் விடுதிக் கட்டிலில் இருந்து பெரிதாக்கிப் பார்த்து, புள்ளி உள்ளதை எண்ணி, அப்பாவுக்குக் குரல் பதிவு போடுவேன். சிலவேளை பல்லியைத் தவிர ஒன்றும் இருக்காது. அப்படியென்றாலும், "இண்டைக்கு ஒண்டுமில்லை அப்பா" என்று சொல்லிவிடுவேன்.

நேற்று நான்கு.