கிளிமூக்கும் ஐஸ் கட்டியும்

பெங்களூர்ல ஆணி புடுங்குறவனுக்கு கோழியப் பத்தி என்ன தெரியும்னு கேக்கப்படாது. நம்ம வீடு கொல்லிமலை, குண்டனி நாடு. மலைக்குக் கீழ நாமக்கல்ல, வருஷத்துக்கு 300 முட்டை போடுற வெள்ளைக் கோழிங்க கூண்டுல கோடிக்கணக்குல நிக்குது. எங்கப்பா வளக்குறதோ முட்டைக்கும் ஆகாத, சண்டைக்கும் ஆகாத கிளிமூக்கு விசிறிவால் :-)

பாக்காதவங்களுக்கு: சண்டைச் சேவலான அசில் வம்சம்தான். ஆனா நம்ம தமிழ்நாட்டுல அழகுக்குன்னே பொறுக்கிப் பொறுக்கி வளர்த்த ரகம். அலகு கிளி மாதிரி கீழ்நோக்கி வளைஞ்சிருக்கும். கொண்டை சின்னது, தலையோட ஒட்டுனாப்ல. கழுத்த நிமித்திக்கிட்டு கல்யாண மாப்பிள்ளை மாதிரி மெதுவா நடக்கும். வால் தரையத் தொடும். அது முழுசா வளர ஒரு வருஷத்துக்கு மேல ஆகும், சேறு பட்டா போச்சு. எங்க மலை மழைக்கு பயந்தே அப்பா உசரமா கட்டை கட்டி ஏத்தி வச்சிருக்கார். ஜப்பான்ல ஒனகதோரின்னு மீட்டர் கணக்குல வால் வளர்ற சேவல் இருக்கு. 1952ல அரசாங்கமே அதை சிறப்பு இயற்கைச் சின்னமா அறிவிச்சிருக்கு. நம்ம கிளிமூக்குக்கு வாய்ச்சது திண்டுக்கல் பக்கம் ஆர்வலர்கள் நடத்துற கண்காட்சிங்கதான். நல்ல சேவல் லட்சத்துக்குக் கூட விலை பேசுறாங்க.

போன வருஷம் ஏழு குஞ்சு பொரிச்சுது. "நாமக்கல்ல எறங்கி வெள்ளைக்கழிச்சல் மருந்து வாங்கிட்டு வாடா, ஐஸ் போட்டு வாங்கு"ன்னு அப்பா போன் பண்ணார். லசோட்டா. ஏழாம் நாள் கண்ணுல ஒரு சொட்டு. உயிருள்ள வைரஸ் மருந்து, சூடு பட்டா வீணாயிடும். இதெல்லாம் அப்புறம் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டது. அன்னிக்கு ஐயா லேப்டாப் பையில போட்டு, காரவள்ளியில டீ குடிச்சு, வெயில்ல அரட்டை அடிச்சுட்டு, 70 கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்தேன்.

"ஐஸ் எங்கடா?"

"கரைஞ்சிடுச்சுப்பா."

ஐஸே வாங்கலை. அப்பா நம்பி சொட்டு விட்டார்.

அடுத்த மாசம் கழுத்து திருகி, பச்சையும் வெள்ளையுமா கழிஞ்சு, அஞ்சு குஞ்சு போச்சு. அசில் கோழி அடிக்கடி முட்டை வைக்கவும் வைக்காது. "கடைக்காரன் பழைய மருந்த குடுத்துட்டான்"னு அப்பா இன்னிக்கும் திட்டுறார். நான் மொபைலப் பாத்துக்கிட்டு 'உம்' கொட்டுறேன்.

மிச்ச ரெண்டுல ஒண்ணு சேவல். அலகு வளைய ஆரம்பிச்சிருக்காம். நேத்து போட்டோ அனுப்பினார்.