இரண்டு ஈயங்கள்

தமிழில் வெள்ளீயமும் காரீயமும் உடன்பிறந்தவை. எங்கள் வீட்டில் ரசம் பாட்டி காலத்திலிருந்தே வெள்ளீயச் சொம்பில்தான் கொதித்தது. வெறும் சொம்பை அடுப்பில் ஏற்றினால் உருகிவிடும் என்பதைத் தவிர அதன்மேல் யாருக்கும் புகார் இருந்ததில்லை. அந்தச் சாதுவின் மறுமுகத்தை ஆய்வு மாணவனான பிறகே கண்டேன்.

வெள்ளீயம் கார்பனோடு நேரடியாகப் பிணைந்த சேர்மங்களைத் தயாரிப்பது என் வேலை. டைபியூட்டைல்டின் டைகுளோரைடிலிருந்து மஞ்சள் நிறப் படிகங்கள் கிடைக்கும். அவற்றின் கரைசலில் தோய்த்த காகித வில்லைகளை, ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமி பரப்பிய அகார்த் தட்டில் வைத்துவிட்டு வீடு திரும்புவேன். மறுநாள் காலையில் வில்லையைச் சுற்றித் தெளிந்த வட்டம் ஒன்று இருக்கும். அதற்குள் கிருமி வளர்ந்திராது. விட்டம் 18 மில்லிமீட்டர் வந்த அன்று விடுதி நண்பர்களுக்கெல்லாம் தேநீர் வாங்கிக் கொடுத்தேன். இதை ‘உயிரியல் செயல்பாடு’ என்று எழுதுவோம். கொல்லுதலுக்கு இத்தனை நாகரிகமான சொல் வேறு துறையில் உண்டா என்று தெரியவில்லை.

பிறகுதான் ஸ்டாலினான் பற்றிப் படித்தேன். 1954இல் பிரான்ஸில் சீழ்க்கட்டிகளுக்காக விற்கப்பட்ட மருந்து. கட்டிக்குக் காரணம், என் தட்டில் வளர்ந்த அதே ஸ்டஃபைலோகாக்கஸ். மருந்தில் இருந்தது டைஎத்தில்டின் டைஅயோடைடு. அதனோடு டிரைஎத்தில்டினும் மாசாகக் கலந்திருந்தது. ஓர் எத்தில் தொகுதிதான் கூடுதல். ஆனால் அது மூளையின் வெண்பகுதியில் நீர் கோக்கச் செய்வது. தாங்கமுடியாத தலைவலி, வாந்தி, பார்வைக் குறைவு. ஏறத்தாழ நூறு பேர் இறந்தார்கள். கட்டிக்கு மருந்து தின்றவர்கள்!

காரீயமும் இதே வழியில் நடந்ததுதான். பெட்ரோலில் கலக்கவென்று டெட்ராஎத்தில் காரீயம் தயாரித்த அமெரிக்கத் தொழிற்சாலை ஒன்றைத் தொழிலாளர்கள் ‘வண்ணத்துப்பூச்சி வீடு’ என்றழைத்தார்கள். அங்கே வேலை செய்தவர்கள் இல்லாத பூச்சிகளைக் காற்றில் விரட்டிக்கொண்டிருந்ததால் வந்த பெயர். 1924 அக்டோபரில் நியூ ஜெர்சியின் பேவே ஆலையில் ஐந்து பேர் சித்தம் கலங்கி மாண்டபின், பெட்ரோலில் அதன் பயனைக் கண்டுபிடித்த தாமஸ் மிட்ஜ்லி பத்திரிகையாளர்முன் அந்தத் திரவத்தில் கை கழுவிக் காட்டினார். முந்தைய ஆண்டு அவரே காரீய நச்சுக்காக ஓய்வெடுத்துத் திரும்பியவர். கல்லீரல் ஒரு எத்திலைக் கழற்றிவிட, மீதமாகும் டிரைஎத்தில் காரீயமே மூளையைத் தாக்குகிறது. மீண்டும் அந்த மூன்று.

கப்பலடியில் பூசிய டிரைபியூட்டைல்டினால் பிரான்ஸின் ஆர்காஷோன் விரிகுடாவில் சிப்பிக் குஞ்சுகள் பிழைக்காமற்போனதும், 1982இல் சிறு படகுகளுக்கு அங்கே தடை வந்ததும் பின்னர் படித்தவை. பெண் நத்தைகளுக்கு ஆணுறுப்பு முளைக்க, லிட்டருக்கு ஒரு நானோகிராம் அளவே போதுமாம்.

என் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தில், ‘இச்சேர்மங்கள் வருங்காலத்தில் மருந்தாகப் பயன்படக்கூடும்’ என்றொரு வரி. மனிதச் செல் எதிலும் நான் சோதித்ததில்லை. எடுத்துவிடலாமா என்று கேட்டேன். “எல்லாரும் எழுதுறதுதானே, இருக்கட்டும்” என்றார் வழிகாட்டி. நானும் விட்டுவிட்டேன், பட்டம் கிடைக்க வேண்டியிருந்தது.

குடுவைகளைக் கழுவிய நீரை இரண்டாண்டுகளும் தொட்டியில்தான் ஊற்றினோம். அந்தக் குழாய் கட்டடத்தின் பின்புறம், தாமரை பூத்த குட்டையில் போய்த் திறக்கும். அங்கே நத்தைகள் இருந்தனவா என்று நான் அப்போது பார்க்கவில்லை.