கிரான் காஸ் தெருவில் மூன்று நாள்

திங்கள், மாலை

தீவின் பெரிய விமான நிலையம் டச்சுப் பகுதியில் இருக்கிறது. அங்கிருந்து வடக்கே போன கார் எந்த வளைவில் நாடு மாறியதென்று, சாப்பாட்டைப் பற்றி எழுத வந்திருந்த அவளுக்குத் தெரியவில்லை. சோதனைச் சாவடி இல்லை. கடவுச்சீட்டை யாரும் கேட்கவில்லை. வெறும் 87 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள செயின்ட் மார்ட்டினைப் பிரான்சும் நெதர்லாந்தும் 1648இல் பாகம் பிரித்துக்கொண்டன. வடபாகம் பிரான்சுக்குப் போனது. அதன் கரையில்தான் கிரான் காஸ்.

ஊர் என்பது அநேகமாக ஒரே தெரு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பழைய உப்பளம். அந்தக் காலத்தில் டச்சுக்காரர்களை இத்தீவுக்கு இழுத்து வந்ததே உப்புதான். இப்போது உப்பு வார ஆளில்லை. தண்ணீரில் கொக்குகள் நிற்கின்றன. அந்தச் சின்னத் தெருவைக் கரீபியனின் உணவுத் தலைநகர் என்கிறார்கள்.

செவ்வாய், காலை

படகிலிருந்து இறங்கிய கூடையில் சிங்கி இறால்கள். பெரிய கொடுக்கு கிடையாது. முதுகெல்லாம் முள், சதை முழுவதும் வாலில். பக்கத்தில் நின்ற மீனவரிடம் சீலா மீன் சாப்பிடுவீர்களா என்று கேட்டாள். அவர் வேகமாகத் தலையாட்டி மறுத்தார்.

காரணம் சிகுவடேரா என்னும் நஞ்சு. பவளப்பாறைப் பகுதியில் வளரும் ஒரு நுண்பாசியிலிருந்து அது சிறுமீனுக்குப் போகிறது. சிறுமீனைத் தின்னும் பெரிய மீனில் சேர்ந்துகொண்டே வருகிறது. நிறத்திலோ வாசனையிலோ தெரியாது. வேகவைத்தாலும் உறையவைத்தாலும் போகாது. ஆகவே எந்த மீனை, எந்தப் பாறைப் பக்கம் பிடிக்கலாம் என்ற அறிவு மீனவரிடம்தான் இருக்கிறது. இந்தத் தெருவின் சமையல் அவரிடமிருந்தே தொடங்குகிறது என்று குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடிட்டாள்.

செவ்வாய், இரவு

சுற்றுலாப் பருவத்தில் செவ்வாய்க்கிழமை இரவு இங்கே திருவிழா. வண்டிகளை நிறுத்திவிட்டுத் தெருவை நடப்பவர்களுக்கும் மேளக்காரர்களுக்கும் விட்டுவிடுகிறார்கள்.

முதலில் லோலோ. கரி அடுப்பும் நீள பெஞ்சுகளுமாக, கூரை மட்டும் போட்ட திறந்த கடைக்கு இங்கே அதுதான் பெயர். விலா எலும்புக் கறி, சுட்ட கோழி, எண்ணெயில் பொரித்த ஜானி கேக் ரொட்டி, துவரை போட்ட சோறு. இந்தத் துவரை இந்தியாவில் பயிராகி, ஆப்பிரிக்கா வழியாகக் கடல் கடந்து வந்த பயறு. பருப்பாக உடைக்காமல் முழுசாகவே சோற்றில் சேர்க்கிறார்கள்.

பிறகு சில அடி தள்ளி, வெள்ளைத் துணி விரித்த மேசை. பழைய மரவீடு, மெழுகுவர்த்தி, பிரான்சிலிருந்து வந்த ஒயினும் பாலாடைக்கட்டியும். விளைநிலம் அதிகமில்லாத தீவு. பெரும்பாலான உணவுப்பொருள் கப்பலிலோ விமானத்திலோதான் வர வேண்டும். இங்கும் சிங்கி இறால் வந்தது, வெண்ணெய்ச் சாற்றில் பளபளத்தபடி. நேர்த்தியான கை. ஆனாலும் கரித்தணலில் ஓடோடு சுட்டு எலுமிச்சை பிழிந்த லோலோ இறாலில்தான் கடல் முழுசாக இருந்தது. அதை அவள் தயங்காமல் எழுதினாள்.

புதன்

2017 செப்டம்பர் 6 அன்று இர்மா புயல் மணிக்கு ஏறத்தாழ 295 கிலோமீட்டர் வேகக் காற்றோடு தீவின் மேல் ஏறியது. பிரெஞ்சுப் பகுதியில் சேதமாகாத கட்டிடம் அரிது. புதுக் கூரைக்குப் பக்கத்திலேயே சுவர் மட்டும் நிற்கும் வீட்டை இன்றும் அவள் பார்த்தாள். லோலோக்காரர்கள் திரும்பவும் அடுப்பு மூட்டியிருக்கிறார்கள் என்பது சின்ன விஷயமல்ல.

மதியம் ஒரு சிறு கடையில் ஆட்டுக்கறிக் கொலொம்போ என்னும் மசாலாக் குழம்பு. 2007 வரை தீவின் பிரெஞ்சுப் பகுதி, இன்னொரு பிரெஞ்சுத் தீவான குவாதலூப்பின் நிர்வாகத்தில் இருந்தது. அங்கிருந்து வந்த சமையல் இது. குவாதலூப்புக்கு அதைக் கொண்டுபோனவர்கள் 1854 முதல் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்ட இந்தியர்கள். புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் போன தமிழர்கள் அவர்களில் ஏராளம். அவளும் காரைக்கால்காரிதான்.

மசாலாவில் என்னென்ன என்று கேட்டாள். சமையல்கார அம்மா விரல் விட்டுச் சொன்னார்: மல்லி, மஞ்சள், சீரகம், வெந்தயம், கடுகு, மிளகு, வறுத்துப் பொடித்த அரிசி. பிறகு, உங்கள் ஊரில் இதில் வேறென்ன சேர்ப்பீர்கள் என்று அவர் திருப்பிக் கேட்டார்.

புளி என்றாள் அவள். அந்த அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, பாதி எலுமிச்சையை எடுத்து அவள் தட்டின் மேல் பிழிந்தார்.