எங்கள் ஜிம்மியும் பெரியம்மாவின் கோழியும்

“இன்னாம்மா, உன் நாயைக் கட்டி வெச்சுக்கக் கூடாதா? குஞ்சும் கோழியுமா இருந்ததைக் கொன்னு போட்டுடுச்சே!”

பக்கத்து வீட்டுப் பெரியம்மா வாசலில் வந்து நின்றபோது நான் குழம்பு கூட்டிக்கொண்டிருந்தேன். அவர் கையில் கோழி, கழுத்து தொங்கிப் போய். பின்னாலேயே எங்கள் ஜிம்மி, பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கி வந்த பிள்ளை மாதிரி வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போயிற்று.

பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் மணல்மேட்டில் இருக்கிறது எங்கள் குப்பம். வீட்டுக்கு வீடு மதில் கிடையாது. கோழி, ஆடு, பூனை எல்லாம் எல்லார் வாசலிலும் மேயும். பெரியம்மா கணவரை இழந்தவர். மீன்கூடை சுமக்கத் தெம்பு போன பிறகு, முட்டை விற்ற காசில்தான் அவருக்கு மருந்து மாத்திரை. கோழிக்கு விலையாக 500 ரூபாயை நீட்டினேன். வாங்கவில்லை. “ஒன்பது குஞ்சு கத்திக்கினு கெடக்குது. உன் காசு அதுங்களுக்கு றெக்கை போர்த்துமா?” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஜிம்மியை என் கணவரின் சிநேகிதர் தெற்கேயிருந்து கொண்டு வந்து கொடுத்தார். சிப்பிப்பாறைக் கலப்பு. ஒட்டிய வயிறு, நீண்ட கால்கள். விருதுநகர்ப் பக்கம் முயல் துரத்துவதற்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்த்த இனம் அது. முயல் வேட்டை இன்று சட்டப்படி குற்றம். அது நாயின் ரத்தத்துக்குத் தெரியுமா? இதையெல்லாம் நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். குட்டியாக இருந்தபோது காக்கையைத் துரத்தினால் கைதட்டிச் சிரித்தவர்கள் நாங்கள்தான்.

அன்று என் கணவர் கயிற்றை எடுத்து நன்றாக விளாசினார். “வயிறு காய்ஞ்சா அப்படித்தான், இன்னும் ஒரு பிடி சோறு போடு” என்றார் மாமியார். கழுத்தில் கட்டையைக் கட்டித் தொங்கவிடச் சொன்னார் ஒருவர். செத்த கோழியையே கழுத்தில் கட்டினால் புத்தி வரும் என்றார் இன்னொருவர். சாயங்காலம் வலை பிரிக்கிற இடத்தில், “இன்னொரு தடவை நடந்தா கருவாட்டுல மருந்து வெச்சுடுவோம்” என்று யாரோ சொன்னதாகச் சின்னவன் அழுதுகொண்டே வந்தான்.

இரண்டே நாளில் ஜிம்மி வேறொரு கோழியின் இறகைப் பிடுங்கி வந்தது. அடித்தும் பயனில்லை, சோறு போட்டும் பயனில்லை. பஸ் ஏறிப் பொன்னேரிக்குப் போய்க் கால்நடை டாக்டரைப் பார்த்தேன்.

அவர் சொன்னதைக் கேட்டு எனக்குச் சற்று வெட்கமாகக்கூட இருந்தது. “உங்க நாய்க்குக் கோழி மேலே கோபமும் இல்லை, பசியும் இல்லைம்மா. ஓடுறதைத் துரத்துறதே அதுக்குக் கொண்டாட்டம். அரை மணி கழிச்சு அடிச்சா, எதுக்கு அடி வாங்குறோம்னே அதுக்குத் தெரியாது. உங்களைக் கண்டா பயம் வரும், அவ்வளவுதான்” என்றார். கருத்தடை செய்தால் அடங்குமா என்று கேட்டேன். குட்டி போடுவதும் ஊர் சுற்றுவதும் குறையும், துரத்துகிற குணம் அதனால் போகாது என்றார். நாய் முதலில் பார்க்கும், அசையாமல் நிற்கும், பதுங்கும், துரத்தும், கடைசியில்தான் கடிக்கும். ஓட ஆரம்பித்த பிறகு அதன் காதில் நம் குரல் விழாது. கண் நிலைகுத்தி, காது விறைக்கிற அந்த நொடியிலேயே பிடிக்க வேண்டுமாம்.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாகப் பெரியம்மாவிடம் போய் ஒன்பது குஞ்சுகளையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். “நாய் இருக்கிற வூட்டுக்கா?” என்று தயங்கினார். நியாயம்தானே! சமையலறையில் அட்டைப் பெட்டிக்குள் வைத்து, மேலே சின்ன பல்பு எரியவிட்டு, கதவைச் சாத்தியே வைத்தோம். மாமியார் ராத்திரி இரண்டு தடவை எழுந்து பார்ப்பார். ஆறு பிழைத்தன.

பழைய வலைக்கயிறு இருபது முழம் எடுத்து ஜிம்மியின் கழுத்துப் பட்டையில் கட்டினேன். கோழிகள் மேய்கிற இடத்துக்கு வெகு தூரத்தில், அது பார்த்தும் பதறாத தொலைவில் உட்காருவேன். அது கோழியைப் பார்த்ததும், காது விறைப்பதற்கு முன், “ஜிம்மி!” என்பேன். திரும்பிப் பார்த்தால் முள்ளெடுத்து வேகவைத்த மடவை மீன் ஒரு துண்டு. (கருவாடு கொடுக்கலாமே என்றேன். அவ்வளவு உப்பு நாய்க்கு ஆகாது என்று டாக்டர் தடுத்துவிட்டார்.) திரும்பாவிட்டால் அதட்டுவதில்லை, இன்னும் பத்தடி பின்னால் போய்விடுவேன். தினம் காலையும் மாலையும் கால் மணி நேரம். ஒரு வாரத்துக்கு ஓரடிதான் நெருங்க முடிந்தது. பார்த்தவர்கள் சிரித்தார்கள். நாய்க்கு மீன் ஊட்டுகிற மகராசி என்று எனக்குப் பெயரே வைத்தார்கள்.

நாள் முழுக்கக் கட்டிப் போட்டாலும் வெறி அதிகமாகும். அதனால் மூங்கில் கழியில் கயிறு கட்டி, நுனியில் கந்தல் துணியை முடிந்து, மணலில் இழுத்து ஓட்டுவேன். அதைத் துரத்திப் பிடிக்கட்டும். “விடு” என்றால் விட வேண்டும், விட்டால் மீன். துரத்துகிற ஆசைக்கு அது ஒரு வடிகால். வெளியே கூட்டிப் போகையில், நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்க இடம் இருக்கிற வாய்க்கூடு போட்டேன். கயிற்றால் வாயை இறுக்கிக் கட்டுவது பாவம். வெயிலில் உயிரே போய்விடும்.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்னவன் இரக்கப்பட்டு அவிழ்த்துவிட்டான். ஒரு ஆட்டுக்குட்டியின் பின்னங்காலில் பல் பதிந்துவிட்டது. வைத்தியச் செலவு நாங்கள் கொடுத்தோம். ஒரு தடவை துரத்தி ருசி கண்டதில் என் இருபது நாள் பாடு வீணாகி, மறுபடி தூரத்திலிருந்து தொடங்கினேன். எங்கள் வீட்டுப் பூனையோடு ஒரே சாக்கில் படுத்துத் தூங்கும் ஜிம்மி, அடுத்த வீட்டுப் பூனை ஓடினால் பாய்கிறது. வீட்டுப் பிராணியோடு பழகிவிட்டதே என்று நம்பி ஏமாறாதீர்கள்.

கைக்குழந்தை உள்ளவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எவ்வளவு சாதுவான நாயானாலும் குழந்தையோடு தனியே விடக் கூடாது. கீச்சென்று கத்தி ஓடுகிற குழந்தையும் இப்படிப்பட்ட நாயின் கண்ணுக்கு ஓடுகிற ஒன்றுதான். பல்லோ நகமோ பட்டுவிட்டால், ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்க வேண்டாம். நாய்க்கும் வருடா வருடம் வெறிநோய்த் தடுப்பூசி தவறக் கூடாது.

ஏரிக்கரைக்கு மட்டும் ஜிம்மியைக் கயிறில்லாமல் நான் கொண்டுபோவதே இல்லை. ஐப்பசியிலிருந்து பங்குனி வரை பூநாரைகள் வந்து, ஆழமில்லாத தண்ணீரில் தலைகீழாய் அலகை வைத்துச் சேற்றை அரித்துத் தின்னும். ஒரு நாய் ஓடினால் கூட்டமே எழும்பும். தின்று சேர்த்த பலமெல்லாம் பறப்பதிலேயே போய்விடும். கோடையில் ஆள்காட்டிக் குருவி வெறும் தரையில் முட்டையிடுகிறது. கடல் பக்கம் தை, மாசியில் பங்குனி ஆமை கரையேறி, குழிக்கு நூறு முட்டைக்கு மேல் இட்டுப் போகும். மோப்பம் பிடித்த நாய் ஒரே இரவில் தோண்டித் தீர்த்துவிடும். அதனால்தான் வனத்துறையும் தொண்டர்களும் முட்டைகளை எடுத்து வேலி கட்டிய இடத்தில் புதைத்துப் பொரிக்க வைக்கிறார்கள். பெரியம்மாவுக்காவது வாசலுக்கு வந்து சண்டை போட வாய் இருக்கிறது. ஆமை யாரிடம் போகும்?

இப்போது பதினைந்தடி தூரத்தில் கோழி மேய்ந்தால் ஜிம்மிக்கு உடம்பு ஒரு தரம் நடுங்கும், பிறகு என் முகத்தைப் பார்க்கும். அதைவிடக் கிட்டே போனால் எனக்கு நம்பிக்கை இல்லை, அதனால் போவதில்லை. விடியுமுன் அதைக் கடற்கரையில் ஓட்டிவிட்டு வந்து வேப்பமரத்தில் கட்டிவிடுகிறேன்.

வளர்ந்த ஆறையும் பெரியம்மாவிடமே கொடுத்துவிட்டேன். அதில் நான்கு பெட்டை. தினம் காலையில் கவிழ்த்த கூடையைத் தூக்கும் முன் அவர் அங்கிருந்தே குரல் கொடுப்பார். “கட்டிட்டியாம்மா?”

“கட்டிட்டேன் பெரியம்மா, தொறந்து விடு!”