நெட்ஸ்கேப்பை விட்டு விலகிய நிரலாளர்

ஜேமி ஜவின்ஸ்கி, 1994-இல் தொடங்கப்பட்ட நெட்ஸ்கேப் நிறுவனத்தின் ஆரம்பகால நிரலாளர்களுள் ஒருவர். அதன் நேவிகேட்டர் இணைய உலாவியின் யூனிக்ஸ் இயங்குதளப் பதிப்பை உருவாக்கியவர். 1995-இல் நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தது. ஆட்கள் பெருகினார்கள், வேலையின் வேகம் குறைந்தது. மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்புளோரர் உலாவியை இலவசமாகத் தரவே, சந்தையும் கைநழுவத் தொடங்கியது.

1998-இல் நெட்ஸ்கேப் தன் உலாவியின் மூல நிரலை வெளியிட்டு மோசில்லா திட்டத்தைத் தொடங்கியபோது, முன்னின்றவர்களில் அவரும் ஒருவர். ஓராண்டு கழிந்தும் உலாவி வெளிவரவில்லை. வெளியிலிருந்து உதவ வந்த நிரலாளர்களும் சிலரே. அதற்குள் நெட்ஸ்கேப்பை ஏஓஎல் என்னும் இணையச் சேவை நிறுவனம் வாங்கிவிட்டது. 1999 ஏப்ரல் 1-இல் ஜவின்ஸ்கி விலகினார். ஒரு நிறுவனத்தை வெற்றிபெறச் செய்ய வந்தவர்களைவிட, வெற்றிபெற்ற நிறுவனத்தில் வேலை பார்க்க வந்தவர்களே அதிகமாகிவிட்டனர் என்று விலகல் கட்டுரையில் எழுதினார். மூல நிரலைத் திறந்துவிட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது என்பதும் அவர் கருத்து.

பின்னர் சான் பிரான்சிஸ்கோவில் டிஎன்ஏ லவுஞ்ச் என்னும் இரவு நடன விடுதியை வாங்கி, 2001-இல் மீண்டும் திறந்தார். 1992-இல் தாம் வெளியிட்ட எக்ஸ்ஸ்கிரீன்சேவர் என்னும் திரைக்காப்பு மென்பொருளையும் தொடர்ந்து பராமரித்து வந்தார். மோசில்லா கிரிப்டோ நாணயங்களில் நன்கொடை கேட்டதை 2022 தொடக்கத்தில் அவர் வெளிப்படையாகக் கண்டித்தார். மோசில்லா அதை நிறுத்திவைத்தது.